ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுப்போம்

நுழையுமுன்

மிதிவண்டியையும் இருசக்கர வண்டியையும் வீட்டிலேயே பேணுவதற்குச் சில கருவிகள் வேண்டும். கடைகளில் அவை பல வகையாகவும் பல விலையிலும் கிடைக்கின்றன. அவற்றுள் நமக்கு ஏற்றவற்றை எவ்வாறு ஆராய்ந்து வாங்குவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பொருந்தாத கருவியின் கேடு

மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் உள்ள வீடுகள் பலவற்றில் வண்டி நிறுத்தத் தனியறை இராது. மாடிப்படியின் அடியோ, முன்வாயிலின் ஓரமோதான் அவ்வீட்டின் பணிமனை. அங்கு நிற்கும் மிதிவண்டியின் பின்சக்கர மரை ஒருநாள் தளர்ந்துவிட்டது எனக் கொள்வோம். மரை என்பது நாம் நட்டு என வழங்குவது. கைக்கு அகப்பட்ட ஒரு திருகுச்சாவியால், அதாவது ஸ்பேனரால், அதனை இறுக்க முயல்கிறோம். சாவியின் வாய் சற்றே அகலமானது. அது வழுக்குகிறது, விரல் பற்சக்கரத்தில் மோதிக் காயமுறுகிறது. மரையின் ஆறு மூலைகளும் மழுங்கிவிடுகின்றன. அதன்பின் சரியான சாவி கிடைத்தாலும் அதற்குப் பற்றிக்கொள்ள மூலை இல்லை. இறுகாத சக்கரத்துடன் சாலையில் செல்வதோ உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

ஒரு செயலைத் தொடங்குமுன் வினை, இடம், காலம், கைப்பொருள், கருவி ஆகிய ஐந்தையும் ஆராய வேண்டும் எனத் திருவள்ளுவர் ‘வினைசெயல்வகை’ என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். கருவி வாங்குவோர்க்கும் அவ்வறிவுரை பொருந்தும்.

வினையை அறிதல்

கடைக்குச் செல்லுமுன் நம் வண்டியை நன்கு பார்த்தல் வேண்டும். எந்தெந்த மரைகளும் மரையாணிகளும் உள்ளன, அவற்றின் தலை எத்தனை மில்லிமீட்டர் என அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். போல்ட்டு எனப்படும் மரையாணியின் தண்டு 6 மி.மீ. எனில் அதன் தலை பெரும்பாலும் 10 மி.மீ. இருக்கும். தண்டு 8 மி.மீ. எனில் தலை 12 அல்லது 13 மி.மீ. இருக்கும். மிதிவண்டிகள் பலவற்றின் அச்சு மரை 15 மி.மீ. அளவினது. திருகுச்சாவியின் மீது பொறித்துள்ள எண், தண்டின் அளவன்று. தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையேயுள்ள அகலமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டறைக்குப் பட்டறை மரையாணியின் அளவு வேறுபட்டது. ஓரிடத்து மரை வேறோரிடத்து ஆணியில் பொருந்தாது. 1841ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், சீரான மரை அளவுகளை அங்குல முறையில் வகுத்து முன்வைத்தார். இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரச் சட்டத்தின்வழி மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தது. இன்றைய நம் வண்டிகளுக்கு மில்லிமீட்டர் குறித்த கருவிகளே ஏற்றவை. ஆயினும், சாக்கெட் பொருந்தும் சதுரமுனை மட்டும் இன்றும் 1/4, 3/8, 1/2 என அங்குலத்திலேயே குறிக்கப்படுகிறது. அதனைக் கண்டு குழம்ப வேண்டா.

தரத்தை ஆராய்தல்

‘நூற்றெட்டுக் கருவிகள் கொண்ட பெட்டி’ என்னும் விளம்பரம் நம் கண்ணைக் கவரும். திறந்து பார்த்தால் அவற்றுள் பெரும்பகுதி திருப்புளியின் சிறு முனைகளாக இருக்கக்கூடும். எண்ணிக்கையைவிட நமக்கு வேண்டிய அளவுகள் இருக்கின்றனவா என்பதே முதன்மையானது. அதன்பின் பின்வருவனவற்றைக் கையில் எடுத்து ஆராய வேண்டும்.

முதலாவது, உலோகம். நல்ல திருகுச்சாவிகள் பெரும்பாலும் குரோம் வனேடியம் கலந்த எஃகினால் செய்யப்படுகின்றன. அவை எளிதில் வளைவதில்லை. வாய் விரிவதும் இல்லை. ஆனால் பொறித்த எழுத்து மட்டுமே சான்றாகாது. மேற்பூச்சு உரிந்திருத்தல், வாயின் இருபுறமும் இணையாக இல்லாமை ஆகியன தரக்குறைவைக் காட்டும்.

இரண்டாவது, பிடிப்பு. சாக்கெட்டின் உட்புறம் ஆறு மூலை உடையதாகவோ பன்னிரண்டு மூலை உடையதாகவோ இருக்கும். ஆறு மூலை உடையது மரையின் பக்கங்களை நன்கு அணைத்துப் பற்றுவதால் மூலைகள் மழுங்குவது குறையும். பன்னிரண்டு மூலை உடையதை, இடம் குறுகிய பகுதிகளில் சிறிது சிறிதாகத் திருப்புதல் எளிது.

மூன்றாவது, கைப்பிடியின் நீளம். திருப்புதிறன் என்பது விசையையும் தொலைவையும் பெருக்கினால் கிடைப்பது. 20 செ.மீ. தொலைவில் 100 நியூட்டன் விசை செலுத்தினால் 20 நியூட்டன் மீட்டர் திருப்புதிறன் உண்டாகும். தொலைவு இருமடங்கானால் திருப்புதிறனும் இருமடங்காகும். இதனால்தான் சிறு மரைக்குக் குட்டையான சாவியும் பெரிய மரைக்கு நீண்ட சாவியும் செய்கின்றனர். சாவியில் குழாயைச் செருகி நீட்டினால் மரையாணியே முறியக்கூடும்.

வாய் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் திருகுச்சாவிக்குச் சுவீடன் நாட்டின் யோகான் பெட்டர் யோகான்சன் 1892ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அது ஒன்றிருந்தால் போதும் எனப் பலர் எண்ணுவர். அசையும் தாடையில் சிறு தளர்ச்சி இருப்பதால், அளவு பொருந்திய சாவியைப் போல் அஃது உறுதியாகப் பற்றாது. எனவே, அதனைத் துணையாகவே கொள்ள வேண்டும்.

கைப்பொருளுக்கேற்ற தொடக்கம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டுவதில்லை. 8 முதல் 19 மி.மீ. வரை நமக்குத் தேவையான அளவுகளில், ஒருமுனை பிளவாகவும் மறுமுனை வளையமாகவும் உள்ள திருகுச்சாவிகள், தட்டை முனையும் கூட்டல்குறி முனையும் உடைய இரு திருப்புளிகள், ஒரு குறடு, 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள். தொடக்கத்திற்கு இவை போதும். சாக்கெட் தொகுதியைப் பின்னர்ச் சேர்க்கலாம். குறட்டின் பிடியில் நெகிழி உறை இருப்பதாலேயே அது மின்சாரத்தைத் தடுக்கும் என எண்ணலாகாது. 1000 வோல்ட்டு எனக் குறிக்கப்பட்ட மின்பணிக் குறடு வேறு, இது வேறு.

இடத்தையும் காலத்தையும் அறிதல்

கொச்சியின் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. இடவப்பாதி மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் கருவி விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து, இயந்திர எண்ணெய் தோய்ந்த துணியால் மெல்லப் பூசி, மூடியுள்ள பெட்டியில் வைத்தல் வேண்டும். ஆயுதபூசைக்கு மட்டும் எடுத்துத் துடைத்தால் போதாது.

மற்றொன்றையும் மறவாதீர்கள். சக்கரத்தையோ தடுப்பானையோ நீங்கள் இறுக்கினால், வண்டியைச் சாலைக்குக் கொண்டுசெல்லுமுன் பெற்றோரிடமோ பழுதுநீக்குநரிடமோ காட்டிச் சரிபார்க்க வேண்டும். கருவி நல்லதாயினும் அதனைப் பிடிக்கும் கைக்குப் பயிற்சி வேண்டுமன்றோ?

சொல்லும் பொருளும்

மரை – நட்டு
மரையாணி – போல்ட்டு
திருகுச்சாவி – ஸ்பேனர்
திருப்புளி – ஸ்குரூ டிரைவர்
ஊறு – தீங்கு
தடுப்பான் – பிரேக்

பயிற்சி

1. திருகுச்சாவியில் பொறித்துள்ள எண் எதனைக் குறிக்கிறது?
2. மரையின் மூலைகள் மழுங்குவதால் விளையும் கேடுகள் யாவை?
3. 25 செ.மீ. தொலைவில் 80 நியூட்டன் விசை செலுத்தினால் உண்டாகும் திருப்புதிறன் எவ்வளவு?
4. எண்ணிக்கை மிகுந்த பெட்டியே சிறந்தது என்னும் கருத்து ஏற்கத்தக்கதா? காரணம் கூறுக.
5. உளி, அரம், ஆணி ஆகிய சொற்கள் தமிழிலும் மலையாளத்திலும் வழங்குகின்றன. நாம் சுத்தியல் என்பதை மலையாளத்தில் சுற்றிக என்பர். இவ்வாறு இரு மொழிகளிலும் ஒத்து வழங்கும் பிற கருவிப்பெயர்களை வீட்டிலுள்ள பெரியோரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டுத் தொகுக்க.
6. உங்கள் வீட்டு வண்டியின் மரைகளைப் பெரியவர் ஒருவர் துணையுடன் அளந்து, வாங்க வேண்டிய கருவிகளின் பட்டியல் ஒன்றை எழுதுக.