மகளுக்கு அம்மாவை நினைவிருக்குமா? - லுகேமியாவோடு போராடிய டாட்டியானா விட்டுச்சென்ற கேள்வி!

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அம்மாவின் முகம் பின்னாளில் நினைவிருக்குமா? மூன்று வயதுப் பையனுக்கு எவ்வளவு நினைவில் நிற்கும்? இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்துகொண்ட ஓர் இளம் தாய், உலகமே படிக்கும்படி எழுதிவைத்துவிட்டுப் போன கவலை இதுதான்.

அவர் டாட்டியானா ஷ்லாஸ்பெர்க். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜான் எஃப். கென்னடியின் பேத்தி, கென்னடியின் மகள் கரோலைனின் இளைய மகள். ஆனால், அவர் தனக்கென்று தேடிக்கொண்ட அடையாளம் வேறு. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அறிவியல், பருவநிலை மாற்றம் பற்றி எழுதியவர். நம் அன்றாடப் பழக்கங்கள் பூமியை எப்படிப் பாதிக்கின்றன என்று 2019-ல் அவர் எழுதிய புத்தகம் விருது பெற்றது. 2025 டிசம்பர் 30 அன்று ரத்தப் புற்றுநோயால் காலமானார். வயது 35.

பிரசவ அறையில் வந்த செய்தி

2024 மே 25. நியூயார்க்கில் டாட்டியானாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. வீடே மகிழ்ச்சியில் இருந்தது. சில மணி நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பொதுவாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அவருக்கு 1,31,000!

பிரசவத்தால் ஏற்பட்ட மாற்றமாக இருக்கலாம், லுகேமியாவாகவும் இருக்கலாம் என்றார்கள். டாட்டியானாவால் நம்ப முடியவில்லை. முதல் நாள்தான் நிறைமாத வயிற்றோடு ஒரு மைல் தூரம் நீந்தியிருந்தார். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஆனால், வந்திருந்தது 'அக்யூட் மைலாய்டு லுகேமியா'. எலும்பு மஜ்ஜையில் முதிராத அணுக்கள் தாறுமாறாகப் பெருகி, நல்ல ரத்த அணுக்கள் உருவாக இடமில்லாமல் செய்துவிடும் நோய். அதிலும் அவருக்கு இருந்தது 'இன்வெர்ஷன் 3' எனும் அரிய மரபணு மாற்றம். பெரும்பாலும் வயதானவர்களிடம் காணப்படுவது. கீமோதெரபியோடு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் தேவை என்றார்கள்.

அக்கா கொடுத்த செல்கள்

உடன்பிறந்த ஒருவரின் ஸ்டெம் செல் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான் உண்டு. அக்கா ரோஸுக்குப் பொருந்தியது. தம்பி ஜாக் பாதிப் பொருத்தம்தான். ஒருவேளை பாதிப் பொருத்தம் இன்னும் நல்லதோ என்று ஒவ்வொரு மருத்துவரையும் கேட்டுப் பார்த்தாராம் அந்தத் தம்பி!

கணவர் ஜார்ஜ் மொரானும் மருத்துவர். இரவில் மருத்துவமனைத் தரையில் படுத்துக்கொள்வார். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, மனைவிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்.

அக்காவின் செல்களால் நோய் அடங்கியது. பிறகு திரும்ப வந்தது. இரண்டாவது முறை, முன்பின் தெரியாத ஒருவர் ஸ்டெம் செல் தானம் தந்தார். நோய் மறுபடியும் தலைதூக்கியது. புதிய சிகிச்சைகளின் பரிசோதனைகளிலும் சேர்ந்து பார்த்தார். கடைசியாக ஒரு மருத்துவர், இன்னும் ஓராண்டு வேண்டுமானால் உயிரோடு வைத்திருக்க முடியும் என்று சொன்னார்.

அந்த முன்பின் தெரியாத கொடையாளி நம் ஊரிலும் தேவைப்படுகிறார். இந்தப் பொருத்தம் பெரும்பாலும் அவரவர் வம்சாவளியைச் சேர்ந்தவர்களிடமே கிடைக்கும். தமிழ் நோயாளிக்கு வெளிநாட்டுப் பதிவேட்டில் பொருத்தம் கிடைப்பது அரிது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'தாத்ரி' போன்ற அமைப்புகளில் பெயரைப் பதிய, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவித் தந்தாலே போதும். பொருத்தம் அமைந்தால், பெரும்பாலும் ரத்ததானம் போலக் கைநரம்பு வழியாகவே செல்களை எடுத்துக்கொள்கிறார்கள்.

கடல் தந்த மருந்து

அடுத்ததாகக் கடலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத் திட்டமிட்டிருந்தார் டாட்டியானா. அவருக்குக் கொடுக்கப்பட்ட 'சைட்டராபின்' எனும் கீமோ மருந்துக்கு மூலமே கரீபியன் கடலில் வாழும் ஒரு கடற்பஞ்சுதான். 1959-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதலில் தயாரிக்கப்பட்டது. தான் எழுத நினைத்த கடலே தனக்கு மருந்து தந்திருக்கிறது என்பதை அவர் குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் புத்தகத்தை எழுத மட்டும் காலம் கிடைக்கவில்லை.

தூக்க முடியாத கைகள்

2025 நவம்பர் 22-ல் 'நியூயார்க்கர்' இதழில் வெளியான அவரது கட்டுரையில்தான் இவையெல்லாம் இருக்கின்றன. படித்தவர்களைக் கலங்கவைத்தது, பிள்ளைகளைப் பற்றிய பகுதி. தொற்று பயத்தால் மகளைக் குளிப்பாட்ட முடியவில்லை, டயப்பர் மாற்ற முடியவில்லை, ஊட்ட முடியவில்லை. குழந்தையின் முதல் வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் அவர் பக்கத்திலேயே இல்லை. தன்னை யார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று ஏங்கினார். மகனுக்குச் சில நினைவுகள் இருக்கலாம். ஆனால் பார்த்த படங்களும் கேட்ட கதைகளும் அதில் கலந்துவிடும் என்றும் எழுதினார்.

அந்தக் கலக்கம் எப்படி இருக்கும் என்று அவருடைய அம்மா கரோலைனுக்குத் தெரியும். 1963-ல் இதே நவம்பர் 22-ல்தான் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கரோலைனுக்கு ஆறு வயது நிறைய அப்போது ஐந்து நாள் பாக்கி. பின்னாளில் தாய் ஜாக்குலினைப் புற்றுநோய்க்கும், தம்பியை விமான விபத்துக்கும் பறிகொடுத்தார். அப்படிப்பட்ட அம்மாவுக்கு இன்னொரு சோகத்தைத் தந்துவிட்டோமே என்பது டாட்டியானாவின் தீராத வருத்தம்.

அப்பாவைப் பற்றி மற்றவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த கரோலைன், இனி பேரப்பிள்ளைகளுக்கு அவர்களின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறைமாதத்தில் நீந்தியதை, பூமிக்காக எழுதியதை, தூக்க முடியாமல் தவித்ததை.

மீதியைப் பிள்ளைகளே படித்துக்கொள்வார்கள். அம்மா எழுதிவைத்திருக்கிறார்.