சிதறிய எழுத்துக்களிற் சொற் காண்டல்

ஆறேழு ஆங்கில எழுத்துக்களை ஒழுங்கின்றித் தந்து, இவற்றால் ஆகும் சொற்களைக் கூறுக எனக் கேட்பது மாணாக்கர்க்கு ஒரு விளையாட்டு. புதினத்தாள்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை நிரப்பும் எளிய வழி. ஆயினும் அவ்விளையாட்டினுள் அம்மொழியின் எழுத்திலக்கணம் பெரும்பாலும் அடங்கிக் கிடத்தலை நோக்குவார் சிலரே. ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டலுக்கு அஞ்சி அம்மொழியையே கைவிடும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். தமிழிலக்கணம் கற்ற அவர் கையில் அதற்கொரு திறவுகோல் ஏலவே உண்டென்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் மொழியிலேயே தொடங்குவோம். 'கடல்' என்னும் சொல்லின் மூன்றெழுத்துக்களை ஆறு வகையாக நிறுத்தலாம். அவற்றுள் டகரம் முதலாக வருவன இரண்டு, லகர மெய் முதலாக வருவன இரண்டு. இவை மொழிமுதல் ஆகா எழுத்துக்களாதலின் நான்கும் ஆராயாமலே விழும். எஞ்சியவற்றுள் 'கல்ட' என்பதும் நில்லாது; லகர மெய்யின் பின் டகரம் மயங்காது என்பது மெய்ம்மயக்க விதி. ஆகவே கடல் ஒன்றே எஞ்சும். அகராதியைத் தொடாமல் ஐந்தைத் தள்ளினோம்.

ஆங்கிலத்துக்கும் இத்தகைய வரையறைகள் உள. அவற்றைச் சூத்திரமாக்கி மனனஞ் செய்விக்கும் வழக்கம் அவர்களிடத்து இல்லை, அவ்வளவே. என், ஜீ என்னும் இரண்டும் இணைந்து சொல்லின் இறுதியில் நிற்கும். ஆங்கிலச் சொல்லின் முதலில் நில்லா. எஸ், ரீ, ஆர் என்னும் மூன்றும் அம்முறையே இணைந்து முதலில் நிற்கும், இறுதியில் நில்லா. வீ என்னும் எழுத்துச் சொல்லிறுதியில் தனித்து நிற்றல் அரிது. அதன்பின் ஈ ஒன்று துணையாக வரும். கொடுத்தல், உடைத்தாதல், வாழ்தல் என்னும் பொருளனவாகிய கிவ், ஹாவ், லிவ் ஆகியவற்றை எழுதிப் பார்க்க. நம் மொழியில் வல்லின மெய் ஈறாகாமையின் உகரம் அதற்குத் துணைவருதலை இதனோடு ஒப்பிடலாம். நமது உகரம் குறுகியேனும் ஒலிக்கும். அவர்களது ஈயோ வாய்திறப்பதில்லை.

கியூ வரின் அதனையடுத்து யூவைத் தேடுக. இதற்கு விலக்காவன பெரும்பாலும் பிறமொழிகளிலிருந்து புகுந்த சொற்களே; அரபு மொழியில் நீதிபதியைக் குறிக்கும் காதி என்பது அவற்றுள் ஒன்று. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ அச்சொல்லையும் யூ சேர்த்தே எழுதிற்று. வழக்கின் பிடி அத்துணை வலிது.

இனி, ஜீ, ஐ, என், ஆர், எஸ், ரீ என்னும் ஆறெழுத்துக்களைக் கொள்வோம். இவற்றின் மாற்றங்கள் 720. அத்தனையையும் எழுதிப் பார்ப்பவன் மாலை மணியடிக்கும் வரை எழுதிக்கொண்டிருப்பான். பகுபதத்தைப் பகுதி, விகுதியாகப் பிரித்துப் பழகியவனோ ஐ, என், ஜீ என்னும் மூன்றையும் விகுதிபோல் இறுதியில் ஒதுக்குவான். எஞ்சிய மூன்றும் முதலில் நிற்கத்தக்க முறை ஒன்றே. கயிற்றைக் குறிக்கும் 'ஸ்ரிங்' வெளிப்படும். (உண்மையில் இது பகாப்பதம்; இறுதி மூன்றெழுத்தும் விகுதியல்ல. தேடுதற்கு அது தடையன்று.)

சில எழுத்துக்களிலிருந்து பல சொற்கள் பிறத்தலும் உண்டு. எல், ஐ, எஸ், ரீ, ஈ, என் என்பவற்றால் கேட்டலாகிய 'லிசின்', மௌனமாகிய 'சைலன்ற்', படையிற் சேர்தலாகிய 'என்லிஸ்ற்', மினுக்கிழையாகிய 'ரின்சல்', சிறு கடற்கழிகளாகிய 'இன்லெற்ஸ்' என ஐந்து சொற்கள் ஆகும். கேட்டலும் மௌனமும் ஒரே எழுத்துக்களால் ஆயது வகுப்பறைக்கு மிகவும் உகந்த பொருத்தம்! லிசின் என்பதில் ரீ எழுதப்படும், ஒலிக்கப்படாது. தமிழில் எழுதுங்கால் மறைந்தே போகின்றது. ஆதலின் இவ்வாராய்ச்சியிற் செவியை நம்பலாகாது, கண்ணே கருவி.

இவ்வைந்து சொற்களின் எழுத்துக்களையும் நெடுங்கணக்கு முறைப்படி அடுக்கினால் ஈ, ஐ, எல், என், எஸ், ரீ என்னும் ஒரே வரிசையே கிடைக்கும். அகராதிச் சொல் ஒவ்வொன்றுக்கும் இவ்வரிசையை முன்னரே குறித்துவைத்தால், எவ்வெழுத்துக் கூட்டத்துக்கும் உரிய சொற்களை உடனே எடுத்துவிடலாம். கணினிக்கு இவ்வேலையை எளிதாக்கும் உபாயம் இதுவே. ஆயின் எழுத்துக்களை இங்ஙனம் அடுக்கும் வழக்கம் கணினிக்கு மிக முந்தியது. விஞ்ஞான மாணவர் நன்கறிந்த றொபேட் ஹூக், தாம் கண்ட விதியை வெளியிடாமலே அது தம்முடையதென நிலைநாட்ட விரும்பி, 1676இல் 14 எழுத்துக்களை அகரவரிசையில் அச்சிட்டார். எவராலும் பொருள் கொள்ளவியலாத அவ்வெழுத்துக்கள் ஓர் இலத்தீன் வாக்கியத்தின் சிதறல் என்பதையும், 'நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு' என்பது அதன் பொருள் என்பதையும் 1678இல் அவரே வெளிப்படுத்தினார். ஹூக்கின் விதி இவ்வாறுதான் உலகுக்கு வந்தது.

எழுத்துக்களின் பயில்வை எண்ணி ஆட்டமாக்கியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞராகிய அல்பிரட் பட்ஸ். 1930களின் பொருளாதார மந்தத்தில் தொழிலிழந்திருந்த அவர், பத்திரிகைப் பக்கங்களில் எவ்வெழுத்து எத்தனை முறை வருகின்றதெனக் கணக்கெடுத்தார். 1948இல் ஸ்கிரபிள் எனப் பெயர்பெற்ற அவ்வாட்டத்தின் ஆங்கிலப் பெட்டியில் 100 காய்கள் உள. அவற்றுள் ஈ மட்டும் 12. கியூவும் இசெட்டும் ஒவ்வொன்றே, அவற்றுக்குப் புள்ளி பத்து. எஸ் நான்கே வைத்தமை, பன்மை விகுதியைச் சேர்த்து எளிதிற் புள்ளி பெறுவோரைத் தடுக்கும் சூழ்ச்சி. அதனை எண்ணியவர் இலக்கணம் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

பழைய மாணவரும் இந்நாள் மாணவரும் ஒருங்கே முயலுதற்கு ஒன்று தருகின்றேன்: ஏ, சீ, ஈ, ஈ, எச், ஆர், ரீ. இவ்வேழெழுத்துக்களாலும் ஆவனவற்றுள் மூன்று சொற்களைக் காண்க. ஒன்று நில அளவை. ஒன்று இதனை எழுதுவோனின் தொழில். மூன்றாவதை என் வகுப்புப் பிள்ளைகள் சற்றுத் தாமதித்தே கண்டுபிடித்தல் எனக்கு நன்று.