வாலைப் பிடி, ஸ்பானிஷ் பிடிபடும்!

ஓலா நண்பர்களே! ஓலா ஆசிரியப் பெருமக்களே!

ஸ்கூட்டரைப் பற்றி எழுதப் போறேன்னு நினைச்சிடாதீங்க. நம்ம மாவட்டத்தில் போச்சம்பள்ளிப் பக்கம் 2021-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்கூட்டர் கம்பெனியின் பெயரும் 'ஓலா'தான். ஆனால் ஸ்பானிஷ் மொழியில் ஓலா என்றால் 'வணக்கம்'. எழுதும்போது முன்னால் ஒரு 'எச்' போடுவார்கள். அதற்குச் சத்தமே கிடையாது. அந்த எச்சை விட்டுவிட்டால் அர்த்தம் மாறி 'அலை' ஆகிவிடும்!

ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா என்று 20 நாடுகளில் ஸ்பானிஷ்தான் ஆட்சிமொழி. ஏறக்குறைய 50 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. நம்ம ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி வண்டிகள்கூட லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குப் போகின்றன.

நான் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்ததும் பலர் சொன்னது ஒன்றுதான்: "முதல்ல இங்கிலீஷ் ஒழுங்கா வரட்டும், அப்புறம் பார்க்கலாம்." தமிழ்வழியில் படிக்கும் நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். வெளிநாட்டு மொழி என்றால் இங்கிலீஷ் வாசல் வழியாத்தான் நுழையணுமாம்! அப்படி ஒன்றும் கட்டாயம் இல்லை. ஸ்பானிஷ் வினைச்சொல்லுக்கு நம்ம தமிழ் இலக்கணமே நல்ல வாசல். எப்படின்னு பாருங்க.

இங்கிலீஷில் ஐ ஸ்பீக், யூ ஸ்பீக், வீ ஸ்பீக், தே ஸ்பீக். 'ஸ்பீக்' மாறவே இல்லை. முன்னால் இருக்கும் ஐ, யூ-வை எடுத்துவிட்டால் யார் பேசுகிறார் என்றே தெரியாது. தமிழில் 'பேசுகிறேன்' என்று ஒரு சொல் போதும். பகுபத உறுப்பிலக்கணத்தில் பிரிப்போமே: பேசு + கிறு + ஏன். கடைசியில் இருக்கும் 'ஏன்' விகுதி, பேசுவது நான்தான் என்று சொல்லிவிடுகிறது. 'நான்' மறைந்தே இருக்கலாம். அதுதான் தோன்றா எழுவாய்.

ஸ்பானிஷும் அப்படியே! 'அப்லார்' என்றால் பேசுதல். (பஸ்ஸில் வரும் 'ப' மாதிரி உச்சரிக்கவும்.) கடைசி 'ஆர்'-ஐ வெட்டிவிட்டு விகுதியை ஒட்டணும்:

அப்லோ – பேசுகிறேன்
அப்லாஸ் – பேசுகிறாய்
அப்லா – பேசுகிறான், பேசுகிறாள்
அப்லாமோஸ் – பேசுகிறோம்
அப்லான் – பேசுகிறார்கள்

ஸ்பெயின் நாட்டில் 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு இன்னொரு விகுதியும் உண்டு. ஆரம்பத்தில் இந்த ஐந்து போதும்.

நம்ம ஊரில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறோம். அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம்தான். அந்த மொழிகளிலும் இதே வால் இருக்கு! தெலுங்கில் மாட்லாடுதானு, மாட்லாடுதாவு, மாட்லாடுதாடு. கன்னடத்தில் மாத்தாடுத்தேனே, மாத்தாடுத்தீயா, மாத்தாடுத்தானே. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் எதுக்கு? வாலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அவங்களுக்கு ரெண்டு மடங்கு இருக்கே!

வித்தியாசங்களும் உண்டு. 'அப்லான்' என்றதும் 'ஆன்' வருதே, ஆண்பால்னு தோணும். இல்லை, அது பலர்பால்! ஸ்பானிஷ் வினையில் ஆண்பால், பெண்பால் விகுதியே கிடையாது. இரண்டுக்கும் 'அப்லா'தான்.

மரியாதையிலும் நமக்கும் அவங்களுக்கும் ஒற்றுமை. நண்பனிடம் 'தூ' (நீ), பெரியவர்களிடம் 'உஸ்தேத்' (நீங்கள்). 'தங்கள் கருணை' என்ற பழைய மரியாதைத் தொடர் சுருங்கித்தான் 'உஸ்தேத்' ஆனது. அதனால் நண்பனை "கோமோ எஸ்தாஸ்?" (எப்படி இருக்கே?) என்றும், ஆசிரியரை "கோமோ எஸ்தா?" (எப்படி இருக்கீங்க?) என்றும் கேட்கணும். கடைசி 'ஸ்' போனால் மரியாதை வரும்!

எல்லாரும் திணறும் இடம் ஒன்று. இங்கிலீஷில் 'ஆம்' என்ற ஒரே சொல் வரும் இடத்தில் ஸ்பானிஷில் இரண்டு உண்டு: ஸோய், எஸ்தோய். இதற்கும் தமிழ் கைகொடுக்கும். 'நான் ஓசூர்' என்று ஊரைச் சொல்லும்போது தமிழில் வினையே வேண்டாம். அங்கே ஸோய்: "ஸோய் தே ஓசூர்." 'கிருஷ்ணகிரியில் இருக்கிறேன்' என்னும்போது 'இரு' வருகிறது. அங்கே எஸ்தோய்: "எஸ்தோய் என் கிருஷ்ணகிரி." ('என்' என்றால் 'இல்'.) 'நல்லா இருக்கேன்' என்பதும் "எஸ்தோய் பியென்" தான். ஆனால் 'உயரமாக இருக்கிறேன்' போன்ற நிலையான குணங்களுக்கு ஸோய்தான் வரும். இதை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள்.

தினமும் சொல்ல:
புவேனோஸ் தியாஸ் – காலை வணக்கம்
புவேனாஸ் தார்தேஸ் – மதிய, மாலை வணக்கம்
புவேனாஸ் நோச்செஸ் – இரவு வணக்கம் (வரும்போதும் சொல்லலாம், போகும்போதும் சொல்லலாம்)
கிராஸியாஸ் – நன்றி
அஸ்தா மஞானா – நாளைக்குப் பார்க்கலாம்

மஞானாவில் வருவது நம்ம 'ஞாயிறு' ஞா-வேதான். இங்கிலீஷில் இதற்குத் தனி எழுத்து இல்லை. ஸ்பானிஷில் உண்டு, தமிழிலும் உண்டு!

இப்போது உங்கள் முறை. 'திரபஹார்' என்றால் வேலை செய்தல். தொழிற்சாலைகள் நிறைந்த நம்ம ஊருக்குத் தேவையான சொல்தானே! கீழே உள்ளவற்றுக்கு வாலை ஒட்டுங்கள்:

1. வேலை செய்கிறேன்
2. வேலை செய்கிறோம்
3. வேலை செய்கிறார்கள்

(விடை: 1. திரபஹோ 2. திரபஹாமோஸ் 3. திரபஹான். முதலில் விடையைப் பார்த்தவர்கள் மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்கவும்!)