ஒரு சர்வர், ஐந்து பேர், லைசென்ஸ் எங்கே?

சீசன் தொடங்குமுன் குற்றாலம் லாட்ஜ்களிலிருந்தும் தென்காசிக் கடைகளிலிருந்தும் நம்மைத் தேடி ஒரு வேலை வரும். "தம்பி, ஒரு கம்ப்யூட்டர்தான் புதுசு, மத்த நாலும் பழசு. எல்லாத்துலயும் ஒரே பில்லிங் ஓடணும், செய்வியா?"

செய்யலாம். அதுதான் ரிமோட் டெஸ்க்டாப். புரோகிராம் ஓடுவது புதியதில். பழையதற்கு வருவது திரையின் படம் மட்டுமே.

ஆனால் விண்டோஸ் 10, 11 புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். இரண்டாமவர் நுழைந்தால் முதலாமவர் வெளியே! விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்கு இருவர். அதற்கு மேல் ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ லைசென்ஸ் வாங்க வேண்டும். 120 நாள் சலுகை உண்டு.

"சின்ன ஃபைல் போட்டு உடைச்சிரலாம்டே" என்பார் நம் வகுப்பிலேயே உண்டு. உடைவது உண்மைதான். எத்தனை பேர் என்று கணக்குப் பார்ப்பது விண்டோஸின் ஒரு ஃபைல். அதையோ, அது மெமரியில் ஏறிய பிறகோ திருத்துகிறார்கள். திருத்தும் இடம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். ஒரு அப்டேட் வந்தால் போச்சு; மறுநாள் காலை பில் ஓடாது, போன் நமக்கு வரும். அதனால் அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறார்கள். வினை அங்கேதான்.

2019 மே மாதம் 'புளூகீப்' என்ற ஓட்டை வெளியானது. பாஸ்வேர்டே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியே விண்டோஸ் 7-இல் நுழையலாம். கைவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் தந்தது என்றால் பயத்தை எண்ணிப் பாருங்கள்! ஆகஸ்டில் விண்டோஸ் 10-இலும் அதே வகை ஓட்டை. திருத்தம் வந்தது, அப்டேட்டை நிறுத்தியவருக்கு வரவில்லை. முதலாளி வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க ரவுட்டரில் 3389 போர்ட்டையும் திறந்துவிட்டால், வீட்டைத் திறந்துபோட்டு அருவிக்குக் குளிக்கப் போன மாதிரிதான். உள்ளே வருபவன் பில், கணக்கு எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பான். வழி எதுவோ, 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கம்ப்யூட்டர்களையே ரேன்சம்வேர் பூட்டியது.

சட்டமும் சும்மா இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அது கடைக்காரருக்கு. 2012-இல் சேர்ந்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு: 2 ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. அதாவது 500 ரூபாய்க்குப் போன நமக்கு. எங்கள் வீட்டில் வக்கீலைப் பார்த்தவர்கள்கூடக் கிடையாது.

பில்லிங் பிரவுசரில் ஓடும் வகையென்றால் ரிமோட் டெஸ்க்டாப்பே தேவையில்லை. லினக்ஸில் ஓடுமென்றால் 'எக்ஸ்ஆர்டிபி' இலவசம். ஆள் கணக்கும் கிடையாது. விண்டோஸ்தான் வேண்டுமென்றால், லைசென்ஸ் விலையை விசாரித்து முதலிலேயே அண்ணாச்சியிடம் சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.