பாவா ஆதம் மலை

மருதமலைக்கும் பழனிக்கும் நடந்து செல்வோரைக் கண்டு வளர்ந்த கொங்கு நாட்டவராகிய நமக்கு, மலையேறி வழிபடுதல் புதிய செய்தியன்று. "நம் மார்க்கத்தில் அத்தகைய மலை உண்டா?" என மாணவர் வினவுங்கால் நாம் இரண்டைச் சுட்டுவது வழக்கம். ஒன்று மக்காவை அடுத்த அரஃபாத். மற்றொன்று இலங்கையிலுள்ள பாவா ஆதம் மலை. இரண்டையும் இணைப்பது ஒரு தொன்மரபு.

சுவனத்தினின்று இறக்கப்பட்ட ஆதம் (அலை) அவர்கள் கால்பதித்த இடம், அரபியர் சரந்தீப் என்றழைத்த இலங்கையின் மலையுச்சி என்பர். ஹவ்வா (அலை) அவர்கள் இறங்கியது ஜித்தாவில். பிரிந்திருந்த இருவரும் மீண்டும் கண்டு அறிந்துகொண்ட வெளியே அரஃபாத் என்பர். அப்பெயர் 'அறிதல்' என்னும் பொருளுடைய அரபு வேரினின்று பிறந்ததென விளக்குவாரும் உளர். திருக்குர்ஆன் ஆதம் நபி இறக்கப்பட்டதைக் கூறுகின்றதேயன்றி, இறங்கிய இடத்தைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. எனவே இது மரபுச் செய்தி, ஈமானின் கூறன்று.

2,243 மீட்டர் உயர்ந்த அம்மலையின் உச்சியில் உள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர் புத்தருடையதென்பர். சைவர் சிவபெருமானுடையதெனக் கொண்டு சிவனொளிபாதமலை என்பர். 1344-இல் அங்கு ஏறிய இப்னு பதூதாவின் பயணக் குறிப்பு படிக்கப் படிக்கச் சுவை தருவது. வேண்டியதைக் கேள் என்ற ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் வேண்டியது பாத தரிசனம் ஒன்றையே. மன்னர் பல்லக்கும் பரிவாரமும் அளித்தார். துணைக்கு நான்கு யோகியர், மூன்று பிராமணர்! ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்கு வழிகாட்டியோர் இவர்கள் என்பதை மாணவர்கள் மனங்கொள்ளுதல் வேண்டும்.

மேலேற இரு வழிகள் இருந்தன: ஒன்று பாபா வழி, மற்றொன்று மாமா வழி, அதாவது ஆதம் வழியும் ஹவ்வா வழியும். பின்னது எளிது. ஆயினும் அதன்வழி ஏறியவர் யாத்திரை செய்தவராகக் கருதப்படவில்லையாம். செங்குத்தான பாறையில் பற்றி ஏறப் பத்துச் சங்கிலிகள். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கிருந்து கீழே நோக்கியவர் அச்சத்தால் கலிமா மொழிந்துவிடுவராம். பாதத்தின் பெருவிரலைச் சீனர் முன்பே பெயர்த்துச் சென்றனர் என்றும் அவர் எழுதுகின்றார். பக்தியும் சில வேளை உளி ஏந்தும் போலும்.

இத்தகைய மலைகளுக்குச் செல்வதை 'ஏழைகளின் ஹஜ்' என நம் இல்லத்து முதியோர் கூறக் கேட்டுள்ளோம். மக்கா செல்ல வசதியற்றோரின் ஏக்கம் அச்சொல்லில் ஒலிக்கின்றது; அதனை எள்ளுதல் தகாது. ஆனால் ஹஜ் வேறு, ஜியாரத் வேறு. ஹஜ்ஜின் உயிர்நிலை துல்ஹஜ் 9-ஆம் நாள் அரஃபாத்தில் தங்குவது. அங்குங்கூட ஜபலுர் ரஹ்மா என்னும் குன்றின்மேல் ஏறுதல் கடமையன்று. அவ்வெளியின் எல்லைக்குள் எங்குத் தங்கினும் போதும். வெயிலில் முதியோர் அக்குன்றேற முயன்று வருந்துவது அறியாமையால் விளைவதே.

இப்னு பதூதா 1326-இலேயே ஹஜ் செய்தவர். பாவா ஆதம் மலையேறி இறங்கிய பின்னரும், 1349-இல் மீண்டும் அரஃபாத் வெளியில் நின்றார்.