குதிரை எத்தனை, முறுக்கு எவ்வளவு?

கார் விளம்பரங்களில் குதிரை சக்தி கொட்டை எழுத்தில் வருகிறது. வண்டி எப்படி இழுக்கும் என்பதோ பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஆர்.பி.எம். எண்ணில் ஒளிந்திருக்கிறது.

மும்பையிலிருந்து புனே செல்லும் வழியில் கண்டாலா மலையேற்றம். காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான்கள், ஏ.சி. வேறு ஓடுகிறது. 87 குதிரை சக்தி கொண்ட பெட்ரோல் கார் மேல் கியரில் திணறுகிறது. அதே நிறுவனத்தின், அதே உருவம் கொண்ட டீசல் காருக்கு 75 குதிரை சக்திதான். ஆனால் அது அலட்டிக்கொள்ளாமல் முந்திச் செல்கிறது. அதிகப்படியான அந்த 12 குதிரைகள் எங்கே போயின?

மாருதி ஸ்விஃப்டை வாங்க ஷோரூம் ஏறிய பலருக்கும் எழுந்த கேள்விதான் இது. 2005-ல் வந்த பெட்ரோல் ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் எஞ்சின் 87 குதிரை சக்தியும் 113 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. 2007-ல் வந்த டீசல் எஞ்சினும் 1.3 லிட்டர்தான். குதிரை சக்தி 75. ஆனால் டார்க் 190. "பெட்ரோலுக்கு பிக்கப், டீசலுக்கு புல்லிங்" என்று மெக்கானிக்குகள் இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை. குதிரை சக்தியையும் டார்க்கையும் இரண்டு தனித்தனிச் சரக்குகளாக அது நினைக்க வைக்கிறது. உண்மையில் ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

இதைப் புரிந்துகொள்ள செக்கைப் பார்த்தால் போதும். நீண்ட மரத்தின் நுனியில் பூட்டிய மாடு சுற்றிவருகிறது. மாடு எவ்வளவு பலத்துடன் இழுக்கிறது என்பதை மரத்தின் நீளத்தால் பெருக்கினால் கிடைப்பது முறுக்கு விசை. அதுதான் டார்க். ஆனால் எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்பது, மாடு ஒரு மணி நேரத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையும் பொறுத்தது. முறுக்கையும் சுற்றையும் சேர்த்துச் சொல்லும் கணக்குதான் குதிரை சக்தி.

அந்தக் கணக்கு பிறந்ததும் ஏறக்குறைய இப்படி ஒரு செக்கில்தான். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி எஞ்சின் விற்ற ஜேம்ஸ் வாட், அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஆலைச் சக்கரத்தைச் சுற்றும் குதிரை, 180 பவுண்டு விசையுடன் மணிக்கு 144 முறை சுற்றுவதாக அவர் கணக்கிட்டார். அதை முழு எண்ணாக்கியதில் வந்தது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு. ஒரு குதிரை சக்தி என்பது இதுதான்.

இன்றைய அளவையில் பார்த்தால் வாட்டின் குதிரை தந்த டார்க் சுமார் 2,900 நியூட்டன் மீட்டர். டீசல் ஸ்விஃப்டைப் போல 15 மடங்கு! ஆனாலும் அது ஒரே ஒரு குதிரை சக்திதான். காரணம், நிமிடத்துக்கு அது சுற்றியது இரண்டரைச் சுற்றுக்கும் குறைவு. டார்க்கை மட்டும் வைத்து எஞ்சினை எடை போடுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

குதிரை சக்தியை மட்டும் வைத்து எடை போடுவதும் அதே தவறுதான். இங்கே ஒரு எளிய கணக்கு உதவும். டார்க்கை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால், நம் நாட்டு விளம்பரங்களில் வரும் மெட்ரிக் குதிரை சக்தி கிடைக்கும். இனி மலையேற்றத்துக்குத் திரும்பலாம்.

பெட்ரோல் ஸ்விஃப்டின் 87 குதிரைகளும் திரண்டு வருவது 6,000 சுற்றில். அன்றாடம் யார் அந்த அளவுக்கு விரட்டுகிறார்கள்? மைலேஜைக் கருதி 2,000 சுற்றிலேயே கியர் மாற்றுவது நம்மவர்களின் வழக்கம். அந்த 2,000 சுற்றில் டீசல் எஞ்சின் தன் முழு 190 நியூட்டன் மீட்டரையும் தருகிறது. கணக்குப்படி 54 குதிரை சக்தி. பெட்ரோல் எஞ்சினின் உச்ச டார்க் வருவதோ 4,500 சுற்றில். அந்த 113-ம் முன்கூட்டியே 2,000 சுற்றில் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 32 குதிரை சக்தியைத் தாண்டாது. ஆக, காகிதத்தில் 12 குதிரை குறைவான வண்டியிடம், மலையேறும் அந்த நேரத்தில் குறைந்தது 22 குதிரைகள் அதிகம். மக்கள் புல்லிங் என்று சொல்வது இதைத்தான்: குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் குதிரை சக்தி.

பெட்ரோல் கார் தோற்றே ஆக வேண்டும் என்பதில்லை. ஓட்டுபவர் இரண்டாவது கியருக்கு இறக்கி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் 4,500 சுற்றைத் தொடும். 72 குதிரைகள் வந்துவிடும். கியர் பெட்டி எஞ்சினின் டார்க்கைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. அதற்கு ஈடாகச் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஆனால் எந்தக் கியரும் குதிரை சக்தியைக் கூட்டாது. இல்லாத குதிரையை எந்தக் கியர் பெட்டியாலும் பூட்ட முடியாது.

டீசலின் ரகசியம் டர்போ சார்ஜர். அது கூடுதல் காற்றை சிலிண்டருக்குள் திணிக்கிறது. அதற்கேற்பக் கூடுதல் எரிபொருள் எரிகிறது. ஒவ்வொரு வெடிப்பும் பலமாகிறது. ஆனால் டீசல் எஞ்சினால் பெட்ரோல் எஞ்சின் போல வேகமாகச் சுழல முடியாது. உச்ச சக்தி கிடைக்கும் 4,000 சுற்றில் ஸ்விஃப்ட் டீசலின் டார்க் 132 ஆக இறங்கிவிடுகிறது. டர்போ விழித்தெழும் முன் 1,500 சுற்றில் அதே வண்டி சோம்பிக் கிடந்ததையும் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ்-6 மாசுக் கட்டுப்பாடு வந்தபோது மாருதி டீசல் கார்களைக் கைவிட்டது. ஆனால் டர்போவின் பாடம் பெட்ரோலுக்கும் போய்ச் சேர்ந்தது. 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூவின் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 1,500 முதல் 4,000 சுற்று வரை 172 நியூட்டன் மீட்டர் தந்தது. 2,000 சுற்றில் அது 49 குதிரை சக்தி. கிட்டத்தட்ட டீசல் ஸ்விஃப்ட் அளவு. உச்சத்திலோ 120.

மின்சாரக் கார் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம். 2020-ல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காருக்கு 245 நியூட்டன் மீட்டர், 129 குதிரை சக்தி. மோட்டார் சுழலத் தொடங்கும்போதே டார்க் தயார்; சிக்னலில் அது சீறிப் பாய்வது அதனால்தான். ஆனால் சுற்று கூடக்கூட, சுமார் 3,700-க்கு மேல் அந்த டார்க் நீடிக்க வழியில்லை. நீடித்தால் 129-ஐத் தாண்டிவிடும் என்கிறது அதே கணக்கு.

புதுக் காரோ பழைய காரோ, வாங்கப் போகிறவர் இரண்டு எண்களையும் அவற்றின் பக்கத்திலுள்ள ஆர்.பி.எம். எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். உச்ச டார்க் 2,000 சுற்றை ஒட்டி வந்தால் நகர நெரிசலிலும் மலைப்பாதையிலும் கியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். 4,000-க்கு மேல் வந்தால், இரட்டை வழிச் சாலையில் லாரியை முந்துவதற்கு முன் கியரை இறக்கியாக வேண்டும். மறந்தால் எதிரே பஸ் வரும்போது 87 குதிரைகளும் உதவிக்கு வரா. சோதனை ஓட்டத்துக்கு விற்பனையாளரோடு மட்டும் சமதளச் சாலையில் போவதில் பயனில்லை. குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு, பக்கத்தில் இருக்கும் மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றிப் பார்க்கட்டும். விளம்பரம் சொல்லாததை வண்டியே சொல்லிவிடும்.