அம்மாயிக்கு வராத பணம்

மலையகத்துப் பிள்ளைகள் – 6

தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பள்ளிக்கூட வயது வந்ததும் அந்த நிழல் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு தாயும் தகப்பனும் மலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது? ஹட்டன், மஸ்கெலியா, டயகம பக்கத்து லயங்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: அம்மாயி, தாயைப் பெற்றவள். அவளுக்கு முடியாமல் போகிற அன்றுதான் ‘ஹோம்’ என்ற பேச்சு வீட்டுக்குள் வருகிறது.

ஹோமில் இருப்பவர்கள் அநாதைகள் என்றுதான் வெளியார் நினைக்கிறார்கள். இலங்கையின் சிறுவர் இல்லங்களைப் பற்றி ‘சேவ் த சில்ட்ரன்’ 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. தனியார் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் 92 சதவீதத்தினருக்குத் தாய், தகப்பன் இருவருமோ ஒருவராவதோ உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வறுமையால் சேர்க்கப்பட்டவர்கள். அது நாடு முழுவதற்குமான கணக்கு. வறுமையில் தோட்டத்தின் நிலை என்ன என்பதை 2019 கணக்கெடுப்பு காட்டுகிறது: நாட்டில் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8.

ஆனால் வறுமை என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் ஒன்றும் விளங்காது. நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் ஆனது. கொழுந்து நிறை காணாவிட்டால் அரைப் பேருதான், அதாவது அரைநாட் சம்பளம்தான், விழும். இரண்டு ஆள் பேரு போட்டாலே இழுபறியாக ஓடும் குடும்பத்தில் ஒரு ஆள் படுத்தால் கடன் ஏறுகிறது. கடனை அடைக்கத் தாய் சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டு வேலைக்குப் போகிறாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகக்கூடாது என்று 2013இல் விதி வந்தது. நாட்டிடம் டொலர் தீர்ந்துபோன 2022இல் அந்த வயதை அரசு இரண்டாக இறக்கியது. பிள்ளை மூன்று ஆண்டு முன்னதாகவே வளர்ந்துவிட்டது போலும்!

தாய் போன பிறகு தகப்பனின் குடி கூடுகிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போவது குறைகிறது. கடைசியில் ‘தந்தை மதுவுக்கு அடிமை, தாய் வெளிநாட்டில்’ என்று கோப்பில் ஏறுகிறது. பொய்யில்லை. ஆனால் கோப்பு திறக்கப்படுவதற்கு நாலைந்து வருஷத்துக்கு முன்பே, அந்த அரைப் பேரிலேயே காரணம் தொடங்கிவிட்டது.

மற்ற ஊர்களில் இந்த இடத்தில் சித்தி வீடு, பெரியம்மா வீடு என்று ஏதாவது ஒன்று திறந்திருக்கும். தோட்டத்தில் அதுவும் அரிது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்தபோது, அக்கா நீலகிரிக்கும் தங்கை நோர்வூட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் ஏராளம். எஞ்சிய உறவுக்கும் இருப்பது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராதான். அதுவும் தோட்டத்துச் சொத்து.

பெண்பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் அம்மாயிக்குத் தூக்கம் போய்விடும். ஒரே காம்பரா, குடிக்கிற ஆண்கள், தள்ளியிருக்கும் கழிப்பறை. ‘ஹோமில் இருந்தா படிக்கவாவது செய்யும்’ என்று சாமியாரிடமோ அதிபரிடமோ சொல்லி விடுகிறார்கள். இதைக் கைவிடுதல் என்று எழுதும் உத்தியோகத்தர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹோமும் வேண்டாம், வீட்டிலும் வைத்திருக்க முடியாது என்றால் மிஞ்சுவது கொழும்பு வீட்டு வேலை. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்தபோது தீக்காயமடைந்து இறந்துபோனாள். வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திய சட்டம் அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் வந்திருந்தது.

இன்னொரு வழி நீதிமன்றம். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் ‘பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும்’ பிள்ளையை இல்லத்திடம் ஒப்படைக்க நீதிவானுக்கு அதிகாரம் தருகிறது. துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகள் பலர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். வழக்கு சட்டமா அதிபர் திணைக்களம் போய் மேல் நீதிமன்றம் ஏற ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை குற்றஞ்சாட்டப்பட்டவர் பிணையில் அதே லயத்துக்குத் திரும்பிவிடலாம். பிள்ளைதான் ஊரையும் பள்ளிக்கூடத்தையும் கூட்டாளிகளையும் விட்டுப் போகவேண்டியிருக்கிறது.

முன்கூட்டியே யாராவது வந்து பார்த்திருந்தால்? நன்னடத்தை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் பிரதேச செயலகத்தை ஒட்டி இயங்குபவர்கள். 2012இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நுவரெலியா மாவட்டத்துக்கு அன்று இருந்தவை ஐந்தே பிரதேச செயலகங்கள். அம்பகமுவவில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேல் சனம். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணுக்கு யாராவது அழைத்த பிறகு மேல் டிவிசனுக்கு ஆள் வந்துசேர்வதற்குள் பல வேளை எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

வறுமையை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்கின்றன 2009இல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டல்கள். நம் நாட்டிலோ, பதிவுபெற்ற இல்லத்தில் பிள்ளை இருந்தால் மாகாண நன்னடத்தைத் திணைக்களம் தலைக்கு இவ்வளவென்று மாதந்தோறும் கொடுக்கிறது. அதே பிள்ளை அம்மாயியோடு லயத்தில் இருந்தால், புரவலர் அமைந்து ‘செவன சரண’ திட்டத்தில் சிறு தொகை வரலாம். அரசின் ‘அஸ்வெசும’ நலன்புரித் திட்டத்தில் பேரப்பிள்ளையை வளர்ப்பதற்கென்று தனிக் கொடுப்பனவு எதுவும் இல்லை. இல்லத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியை அம்மாயியின் கையில் கொடுத்துப் பார்க்க மத்திய மாகாணசபைக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நன்னடத்தை 1987 முதல் மாகாணத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது.

(பதினெட்டு வயதில் ஹோமை விட்டு வெளியே வருகிறவர்களைப் பற்றி அடுத்த வாரம்.)